16ஆம் நாளுக்கும் 21ஆம் நாளுக்கும் நடுவில்

விழுப்புரம் மாவட்டத்தில் கண்டாச்சிபுரம் பக்கம் ஒரு வீட்டில் சம்பாதிக்கிற ஆள் இறந்துபோனால், அந்த வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு எங்கே முடிவாகிறது தெரியுமா? பள்ளிக்கூடத்தில் இல்லை. வட்டாட்சியர் அலுவலகத்திலும் இல்லை. பதினாறாம் நாள் காரியத்தன்று, பந்தலுக்குள், சாப்பாடு முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில்தான் முடிவாகிறது. பெரியப்பா ஒருத்தர், தாய்மாமன் ஒருத்தர், ஊர்ப் பெரியவர் ஒருத்தர் என நாலு பேர் உட்கார்ந்து பேசுவார்கள். பையனை யாரோடு வேலைக்கு அனுப்புவது, பெண்ணுக்கு எப்போது கல்யாணத்தை முடிப்பது, கடனை யார் ஏற்றுக்கொள்வது எல்லாம் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

அந்தப் பெரியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்குத் தெரிந்த வழி அதுதான். இந்தப் பிள்ளைகளுக்காக அரசாங்கத்தில் மாதாமாதம் வாங்கக்கூடிய பணம் இருக்கிறது என்பது அந்தப் பந்தலில் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால்கூடப் பேச்சு வேறு பக்கம் திரும்பியிருக்கும். இந்தப் பதிவை அந்த ஒருவருக்காகத்தான் எழுதுகிறேன். அது நீங்களாக இருக்கலாம்.

எனக்கு மனு எழுத வரும் என்பதால் ஊரில் இப்படிப்பட்ட வீடுகளுக்குக் கூப்பிடுவார்கள். கெடாரைத் தாண்டி உள்ளே போகிற ஒரு கிராமத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சென்னையில் கம்பி கட்டுகிற வேலை செய்துகொண்டிருந்தவர், சனிக்கிழமை ராத்திரி ஊருக்கு வந்தவர், விழுப்புரத்திலிருந்து பைக்கில் வரும்போது லாரி மோதிப் போய்விட்டார். பையன் ஒன்பதாம் வகுப்பு. பெண் ஆறாம் வகுப்பு. காரியத்தன்று தாய்மாமன் அந்தப் பையனுக்கு உருமா கட்டினார். பெரிய ஆளுக்குக் கட்டுகிற துண்டு அது. பையன் தலைக்கு நிற்கவில்லை, கண் மேல் சரிந்து சரிந்து விழுந்தது. ஒவ்வொரு முறையும் அவன் ஒரு கையால் அதைத் தூக்கிவிட்டுக்கொண்டே எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

சாப்பாடு முடிந்ததும் சித்தப்பா முறையில் ஒருத்தர் ஆரம்பித்தார். பெங்களூரில் அவருக்குத் தெரிந்த பேக்கரி இருக்கிறதாம். தங்க இடம், சாப்பாடு, கையில் எட்டாயிரம். "பையன் கெட்டுப்போவமாட்டான், நம்ம ஊரு ஆளுங்க நாலு பேரு அங்கதான் இருக்கானுங்க" என்றார். அந்த அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர், தலை நிமிராமல், "நீங்கெல்லாம் பாத்து எது செஞ்சாலும் சரிதான்" என்றார். அவ்வளவுதான். ஒரு பையனின் படிப்பு அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துபோக இருந்தது.

நான் குறுக்கே பேசினேன். "அண்ணா, மாசம் எட்டாயிரத்துக்கு இவனை அனுப்புறீங்க. இவன் பள்ளிக்கூடத்துல இருந்தாலே மாசாமாசம் பணம் வர வழி இருக்கு, ஒரு வருசம் பொறுங்க" என்றேன். நம்பவில்லை. "எந்த ஊர்ல குடுக்குறான்?" என்று கேட்டார் ஒருத்தர். நியாயமான கேள்வி. அதற்கான பதிலை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு என்று ஒரு பிரிவு உண்டு. பிள்ளையை விடுதிக்கோ இல்லத்துக்கோ அனுப்பாமல், சொந்த வீட்டிலேயே அம்மாவோடோ பாட்டி தாத்தாவோடோ வைத்து வளர்ப்பதற்காகப் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய். 18 வயது முடியும்வரை. கணவரை இழந்தவர், விவாகரத்தானவர், கணவரால் கைவிடப்பட்டவர் ஆகியோரின் பிள்ளைகள், பெற்றோர் இருவரையும் இழந்து உறவினரிடம் வளர்கிறவர்கள், பெற்றோருக்கு உயிர்க்கொல்லி நோய் வந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் இதில் வருவார்கள். கிராமத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், நகரத்தில் 96,000. விண்ணப்பிக்க வேண்டிய இடம் விழுப்புரத்தில் இருக்கும் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு. அதற்கென ஒரு குழு கூடிப் பார்த்துத்தான் ஒப்புதல் தரும், ஒதுக்கீடும் வர வேண்டும். போன வாரம் கொடுத்தால் இந்த வாரம் வந்துவிடும் என்று சொல்லி யாருக்கும் ஆசை காட்ட மாட்டேன். ஆனால் கொடுக்காத மனுவுக்கு ஒருநாளும் வராது.

இரண்டாவது, அந்தப் பந்தலில் ஒருவரும் கேள்விப்பட்டிராதது. அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ ஒன்று முதல் பன்னிரண்டு வரை படிக்கிற பிள்ளையின் தந்தையோ தாயோ, வீட்டுக்குச் சம்பாதித்துப் போட்டவர், விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கிப்போனாலோ, பள்ளிக்கல்வித்துறை அந்தப் பிள்ளைக்கு 75,000 ரூபாய் தருகிறது. கையில் தரமாட்டார்கள். தமிழ்நாடு மின்விசை நிதி நிறுவனத்தில் பிள்ளை பெயரில் வைப்புத்தொகையாகப் போடுவார்கள், வட்டி படிப்புச் செலவுக்கு. பல ஆண்டுகளாக இருக்கும் திட்டம் இது. முன்பு 50,000 ஆக இருந்தது. நம் சாலைகளில் பைக் விபத்து இல்லாத மாதமே கிடையாது. அப்படி இறந்தவர்களின் பிள்ளைகள் படிக்காத அரசுப் பள்ளியும் இந்த வட்டாரத்தில் இருக்காது. ஆனாலும் நான் பேசிப் பார்த்த வீடுகளில் இதைப் பற்றித் தெரிந்து வைத்திருந்தவர்கள் அபூர்வம்.

மூன்றாவது, அந்த அம்மாவுக்கானது. ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் தமிழ்நாட்டில் 1975 ஜூனில் தொடங்கியது. ஐம்பது வருசப் பழைய திட்டம். 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாய் ஆனது. இது எல்லாருக்கும் தெரியும், ஆனால் "வயசானவங்களுக்குத்தானே" என்று முப்பது வயதுப் பெண்கள் விண்ணப்பிப்பதே இல்லை. 18 வயது ஆன எந்த ஆதரவற்ற விதவையும் கேட்கலாம். நிலமில்லாத விவசாயக் கூலிகளுக்கும் சிறு விவசாயிகளுக்கும் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இருந்தால் இறப்புக்கும் ஈமச்சடங்குக்கும் உதவித்தொகை தனியாக உண்டு. இந்த இரண்டையும் வட்டாட்சியர் அலுவலகத்திலேயே இருக்கிற சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர்தான் பார்க்கிறார். கண்டாச்சிபுரம் தனி வட்டமாக ஆனதில் நமக்கு உண்மையான லாபம் இதுதான். ஒரு விதவைத் தாய் நூறுநாள் வேலையை ஒருநாள் விட்டுவிட்டுப் போய், மதியத்துக்குள் வீடு திரும்பிவிடலாம்.

2025 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு அன்புக் கரங்கள் என்று இன்னொன்றைத் தொடங்கியது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகள், அல்லது ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகள், இவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய், 18 வயதுவரை. முதல் கட்டத்தில் 6,082 பிள்ளைகள். தமிழ்நாடு முழுக்கச் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம். நம் மாவட்டத்தில் மட்டும் எத்தனை பாட்டிமார் பேரப்பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இதையெல்லாம் எழுதும்போது ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

2023 மே மாதம் நம் மாவட்டத்து மரக்காணம் எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்துச் செத்தார்கள். விழுப்புரம், செங்கல்பட்டு இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து 20 பேருக்கும் மேல். அடுத்த வருசம் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 65 பேருக்கும் மேல். இரண்டு இடத்திலும் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் அறிவிக்கப்பட்டது. கருணாபுரத்தில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயதுவரை மாதம் 5,000, பெயரில் 5 லட்சம் வைப்பு, ஒருவரை இழந்த பிள்ளைகளுக்கு 3 லட்சம் வைப்பு, படிப்புச் செலவு, விடுதிச் செலவு எல்லாம் அரசே ஏற்கும் என்றார்கள். 2021இல் கொரோனாவில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும் அதே 5 லட்சம், 3 லட்சம்தான். செய்தது சரி. ஒரு ரூபாய்கூட அதிகம் என்று நான் சொல்லமாட்டேன். அதிகாரிகள் வீடுவீடாகப் போனார்கள், சான்றிதழ்கள் தெருவிலேயே கிடைத்தன, யாரும் இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கவில்லை.

அப்படியானால் அரசால் முடியும். ஒரு பிள்ளையின் வாசலுக்கே போய், தாளெல்லாம் தானே தயாரித்து, பணத்தை அதன் பெயரில் போட முடியும். பார்த்திருக்கிறோம். ஆனால் பத்துப் பேர் ஒரே ராத்திரியில் இறந்தால்தான் அது நடக்கிறது. பத்து வருசம் டாஸ்மாக்கில் குடித்து ஈரல் போய், முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் தனியாக ஒருத்தன் செத்தால் அவன் பிள்ளைகளைத் தேடி யாரும் வருவதில்லை. கரும்பு வெட்டப் போன இடத்தில் பாம்பு கடித்துச் செத்தவன், கிணற்று வேலையில் மண் சரிந்து செத்தவன், மனம் வெறுத்துப் பூச்சிமருந்து குடித்தவன், இவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் கருணாபுரத்துப் பிள்ளைகளும் இழந்தது ஒன்றுதான். இந்தப் பிள்ளைகள் மட்டும் அரசைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அப்பா போன முதல் மாதத்தில், கையில் காசு இல்லாத ஒரு தாய், எந்த அலுவலகம் எந்த மாடியில் இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுப் போக வேண்டியிருக்கிறது. இது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, அந்த வீட்டுக்கே வருகிறேன். காரியம் முடிந்து மூன்றாம் நாள் திண்ணையில் உட்கார்ந்து ஒரு துணிக்கடைப் பையைக் கொட்டினோம். குடும்ப அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, எதற்கோ எடுத்து மிஞ்சிப்போன பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. இறந்தவர் பெயர் ஆதாரில் இன்ஷியலோடு, குடும்ப அட்டையில் இன்ஷியலே இல்லாமல், வங்கிப் புத்தகத்தில் ஓர் எழுத்து கூடுதலாக. பையனின் பள்ளிப் பதிவேட்டில் அப்பா பெயர் இன்னொரு மாதிரி. உயிரோடு இருக்கும்வரை ஒருவருக்கும் தொந்தரவு செய்யாத அந்த எழுத்து வித்தியாசம், அவர் இறந்த பிறகு அவர் மனைவியை மாதக்கணக்கில் அலைய வைத்தது. ஓர் அலுவலகத்தில் "இவரும் அவரும் ஒருத்தர்தான்னு சான்று வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். அங்கிருந்து வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அந்த அம்மா அழுதார்.

"பதினாறு வருசம் குடும்பம் நடத்தின எனக்குத் தெரியாதா ண்ணா, அவரு யாருன்னு?"

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

அதனால் இதைக் கவனமாகப் படியுங்கள். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி இறப்பை 21 நாளைக்குள் பதிந்துவிட வேண்டும், அதுவரை கட்டணம் இல்லை. வீட்டில் இறந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம், ஆஸ்பத்திரியில் இறந்தால் பதிவு அங்கேயே நடக்கும். பதியும்போதே ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பெயரைச் சொல்லிப் பதிய வையுங்கள். துக்கத்தில் யாரோ ஒரு பங்காளி போய் வாய்க்கு வந்தபடி பெயரைச் சொல்லிவிட்டு வருவதில்தான் பாதித் தொல்லை ஆரம்பிக்கிறது. ஒரு வருசம் கடந்துபோனால் கோட்டாட்சியர் உத்தரவுவரை போக வேண்டும். நம் ஊரில் காரியம் 16ஆம் நாள். ஆக, சொந்தம் எல்லாம் ஒன்றாக இருக்கும் அந்த நாளுக்கும் பதிவுக்கான கடைசி நாளுக்கும் நடுவில் ஐந்தே நாள்தான்.

இறப்புச் சான்று கைக்கு வந்ததும் வாரிசுச் சான்று. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிந்தால் வட்டாட்சியர் தருவார். பிறகு புதிதாக ஒரு வருமானச் சான்று. கணவர் இருந்தபோது வாங்கிய பழைய சான்றை வைத்துக்கொண்டு போனால், அதில் அவர் சம்பாத்தியமும் சேர்ந்திருக்கும், 72,000ஐத் தாண்டிவிட்டது என்று மனு நின்றுபோகும். ஆதரவற்ற விதவைச் சான்று கோட்டாட்சியர் தருவது, அதற்கும் இ-சேவையிலேயே விண்ணப்பம். அந்தச் சான்று பிற்பாடு அரசு வேலைக்கு முன்னுரிமை கேட்கவும் உதவும். விபத்தாக இருந்தால் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை இரண்டின் நகலையும் விடாமல் கேட்டு வாங்கி வையுங்கள். பள்ளிக்கல்வித்துறையின் 75,000க்கு அவை இல்லாமல் முடியாது. பிள்ளைக்கும் அம்மாவுக்கும் சேர்த்து வங்கியில் ஒரு கணக்கு, ஆதார் இணைத்து. ஒவ்வொரு தாளையும் நான்கு நகல் எடுத்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். மழைக்காலத்தில் கூரை வீட்டில் தாள் நிற்காது.

இத்தனைக்கும் நடுவே, அந்தப் பையனின் தலைமையாசிரியர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நாங்கள் போய்க் கேட்பதற்கு முன்பே அவர் 75,000க்கான விண்ணப்பப் படிவத்தை எடுத்து மேசை மேல் வைத்திருந்தார். "எனக்கு மொத நாளே தெரியும் சார், கிளாஸ்ல அவன் இடம் காலியா இருந்துச்சு" என்றார். அவர் அன்றைக்குச் சொன்னதிலிருந்துதான் எனக்கு ஒரு விஷயம் உறுதியானது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அரசாங்கத்தில் முதலில் தெரிந்துகொள்பவர் பள்ளி ஆசிரியர்தான். அங்கன்வாடிக் குழந்தையாக இருந்தால் அங்கன்வாடி ஆசிரியர். கைக்குழந்தை என்றால் கிராம சுகாதார செவிலியர். இவர்களுக்கு அடுத்தபடிதான் மற்ற எல்லா அலுவலகமும்.

கேரளத்தில் ஸ்நேகபூர்வம் என்று ஒரு திட்டம் இருக்கிறது. பெற்றோரில் ஒருவரையோ இருவரையுமோ இழந்த பிள்ளைகளுக்கான உதவித்தொகை. தொகை சிறியதுதான், நம் ஊர்த் திட்டங்கள் அதைவிட அதிகம் தருகின்றன. ஆனால் அங்கே விண்ணப்பம் பள்ளித் தலைமையாசிரியர் வழியாகப் போகிறது. தாய் மாவட்டத் தலைநகரத்துக்குப் போக வேண்டாம். பிள்ளை தினமும் போகிற இடத்திலேயே வேலை முடிகிறது. நாம் அதிகப் பணத்தை ஒதுக்கிவிட்டு, அதை முப்பது கிலோமீட்டர் தள்ளி விழுப்புரத்தில் வைத்திருக்கிறோம். நிதி ஆதரவு மனுவையும் அன்புக் கரங்கள் மனுவையும் பள்ளியிலேயே வாங்கி அனுப்புகிற முறை வந்தால், நான் இந்தப் பதிவை எழுத வேண்டிய அவசியமே இருக்காது.

வாசலுக்குப் போய் வேலை செய்வது நமக்குப் புதிதும் இல்லை. இல்லம் தேடிக் கல்வி தமிழ்நாட்டுக்கே தொடங்கிவைக்கப்பட்டது நம் மாவட்டத்தில்தான். 2021 அக்டோபர் 27, மரக்காணம் பக்கம் முதலியார்குப்பம். மாலை நேரத்தில் தெருப்பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த அந்தத் தன்னார்வலர்கள் பெரும்பாலும் அந்தந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்த படித்த பெண்கள். எந்தப் பிள்ளை நாலு நாளாக வரவில்லை, ஏன் வரவில்லை, அவன் அப்பா எங்கே போனார் என்பதெல்லாம் அவர்களுக்கு விரல்நுனியில் இருந்தது. அப்படி ஒரு பெண்ணுக்கு இந்தத் திட்டங்களின் பெயரையும் தேவையான தாள்களையும் ஒருநாள் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தால் போதும், ஒரு ஊராட்சிக்கே அது வழியாகும்.

சாவுச் சான்றே வாங்க முடியாத வீடுகளும் உண்டு. புருஷன் திருப்பூருக்குப் போனவன் திரும்பவில்லை, ஐந்து வருசமாகப் போனும் இல்லை. அந்தப் பெண் விதவையும் இல்லை, சுமங்கலி என்று சொல்லவும் வழியில்லை. அவருக்குக் கணவரால் கைவிடப்பட்டவர் சான்று இருக்கிறது, வட்டாட்சியர் தருவார். அது கையில் இருந்தால் மேலே சொன்ன நிதி ஆதரவுத் திட்டத்தில் பிள்ளைகளைச் சேர்க்கக் கேட்கலாம். "ஊர்ல சொன்னா அசிங்கம்" என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அசிங்கம் போனவனுக்குத்தான், இருப்பவளுக்கு இல்லை.

இருளர் குடியிருப்புகளில் நிலைமை இன்னும் கடினம். ஏரிக்கரையில் குடிசை போட்டிருப்பவர்களிடம் பல வீடுகளில் தொடக்கத் தாளே இல்லை. பழங்குடிச் சான்று கோட்டாட்சியர் நிலையில் தருவது. அதைக் கேட்டு அலைந்து வெறுத்தவர்கள் அதிகம். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. சான்றிதழுக்காக, பட்டாவுக்காக, பொய் வழக்குகளுக்கு எதிராக, செங்கல் சூளைகளில் சிக்கியவர்களுக்காக. சங்கம் என்று ஒன்று பக்கத்தில் நின்றால் ஒரு குடும்பம் அலுவலகத்தில் எப்படி நடத்தப்படுகிறது என்பதை அவர்கள் கூடவே போய்ப் பார்த்தால் புரியும். அதே மனு, அதே மேசை, அதே நாற்காலி. பேசுகிற குரல் மட்டும் மாறிவிடும். இருளர் வீடுகளுக்கு மட்டும் இல்லை, எல்லா ஏழை வீட்டுக்கும் அப்படி கூட வர ஆள் வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி. அப்பா போன வீட்டில் பதினைந்து பதினாறு வயதுப் பெண் இருந்தால், காரியப் பந்தலிலேயே மாப்பிள்ளைப் பேச்சு எழுந்துவிடும். "பொறுப்பை முடிச்சுட்டா அவளுக்கும் நிம்மதி." 18 வயதுக்கு முன் கல்யாணம் என்பது குற்றம் என்று சொன்னால் பகை வரும். ஆனால் அந்தப் பெண் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்துக் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் அவள் கணக்கிலேயே வரும், பையனுக்கு அதே மாதிரி தமிழ்ப் புதல்வன் என்று கணக்குச் சொன்னால் பெரியவர்கள் கொஞ்சம் யோசிக்கிறார்கள். அதற்கும் மசியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098. எந்த நேரமும் எடுப்பார்கள். சொன்னது யார் என்று வெளியே சொல்லமாட்டார்கள். அந்த எண்ணை அந்தப் பெண்ணுக்கே சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள். கணவன் வீட்டுத் தொந்தரவில் இருக்கும் பெண்களுக்கு 181.

எட்டாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தால் என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுத வையுங்கள். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு முடியும்வரை வருசத்துக்கு 12,000. பன்னிரண்டு முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் பிள்ளைகளுக்காக நான் முதல்வன் திட்டத்தில் உயர்வுக்குப் படி முகாம் நடத்துகிறார்கள். படிப்பு, தேர்வு பற்றிய சந்தேகத்துக்கு 14417. இவை எல்லாம் தெரிந்ததுதான் என்று நினைப்பீர்கள். தெரியாத வீடு உங்கள் தெருவிலேயே இருக்கும்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அப்பா போன பையன் பேசமாட்டான். எல்லாரும் "நீதான்டா இனி ஆம்பள, அழக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் சொன்ன அந்தப் பையன் இரண்டு மாதம் ராத்திரி தூங்காமல் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தான் என்று பிறகு அவன் தங்கை சொல்லித்தான் தெரிந்தது. 14416 என்று ஒரு எண் இருக்கிறது, டெலி மானஸ், தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. நான் போட்டுக்கொடுத்தபோது முதலில் பேச மறுத்தான். பிறகு போனை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனான். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை.

அவன் பெங்களூர் போகவில்லை. இப்போது பிளஸ் ஒன். 75,000 வைப்புத்தொகை இருவர் பெயரிலும் வந்துவிட்டது. அம்மாவுக்கு ஓய்வூதியம் வருகிறது. நிதி ஆதரவு மனு பெயர்க் குழப்பத்தால் ஒருமுறை திரும்பி, மறுபடியும் கொடுத்து, தங்கைக்கு முதலில் வந்தது. பையனுக்கு இன்னும் வரவில்லை. சித்தப்பா முறைக்காரர்தான் இப்போது என்னைவிட அதிகமாக அதை விசாரித்துக்கொண்டிருக்கிறார். பேக்கரிக்குக் கூப்பிட்ட அதே மனிதர். வழி தெரிந்தால் நம் ஆட்கள் எவ்வளவு நல்லவர்கள் என்பதற்கு அவரைத்தான் சொல்வேன்.

ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர் தலைமையில், ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், செவிலியர், பிள்ளைகளின் பிரதிநிதிகள் எல்லாரும் சேர்ந்த குழு. பல ஊர்களில் பெயர்ப்பலகையோடு நிற்கிறது. அந்தக் குழு கூடும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: போன மூன்று மாதத்தில் நம் ஊரில் சம்பாதிக்கிற ஆளை இழந்த வீடு எது, அங்கே எத்தனை பிள்ளைகள், யார் அந்த வீட்டுக்குப் போனீர்கள்? குழு கேட்காவிட்டால் நாம் கேட்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருசத்தில் ஆறு நாள் கிராமசபை கூடுகிறது. எழுந்து நின்று கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்தால், அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முகையூர் ஒன்றியத்திலோ காணை ஒன்றியத்திலோ இதைப் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்து நீங்கள் போகும் காரியத்தில் மொய் எழுதிவிட்டுச் சாப்பிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். பெரியவர்கள் பேச உட்காரும்வரை இருங்கள். இறப்பைப் பதிந்தாகிவிட்டதா, பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று கேளுங்கள். பிள்ளைகள் எந்தப் பள்ளி என்று கேட்டு, திங்கட்கிழமை காலை அந்த அம்மாவோடு தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள்.